இடக்காதுக்கு எட்டாத இடக்கை

என் இடக்காது பழுதாகி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. ஒரு நாள் காலையில் விழித்தபோது குளத்து நீர் புகுந்ததுபோல் அது அடைத்திருந்தது. தானாகச் சரியாகிவிடும் என்று நான்கு நாட்கள் சும்மா இருந்துவிட்டேன். அந்த நான்கு நாட்கள்தாம் முக்கியமானவை என்று பிறகு மருத்துவர் சொன்னார். ஸ்டீராய்டு மாத்திரைகள், அடுத்துச் செவிப்பறை வழியாக ஊசி. தாழ்ந்த ஒலிகள் ஓரளவு திரும்பி வந்தன. நடுவில் தொடங்கி மேலே செல்லச் செல்ல எதுவும் வரவில்லை. வராதவற்றின் இடத்தில் ஓர் இரைச்சல் குடியேறியது. பழைய இசைத்தட்டில் பாட்டு தொடங்குவதற்கு முன் ஊசி வெறும் பள்ளத்தில் உராய்ந்துகொண்டிருக்குமே, ஏறத்தாழ அந்த ஓசை. பாட்டு மட்டும் தொடங்குவதே இல்லை.

இதை இங்கே சொல்வதற்குக் காரணம் ஆர்ட் டேட்டம். நான் ஜாஸ் கேட்கத் தொடங்கிய நாளிலிருந்து அவரிடம்தான் திரும்பத் திரும்பச் சென்றிருக்கிறேன். இரைச்சலும் கீறலும் நிறைந்த அவருடைய பழைய பதிவுகளை நவீனக் கருவிகளின் துணையுடன் மறுபடியும் "வாசிக்க" வைத்த ஒரு முயற்சியைப் பற்றி நண்பர்களிடம் பல முறை ஏளனமாகப் பேசியும் இருக்கிறேன். என் காது பழுதான பிறகு அந்த ஏளனத்தில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று எனக்கே கணக்குப் பார்க்க வேண்டியதாயிற்று.

டேட்டம் 1909-இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் உள்ள டொலீடோ நகரில் பிறந்தார். ஒரு கண்ணில் பார்வை முற்றிலும் போய்விட்டது. மற்றொன்றில் மங்கலாக ஏதோ தெரியும், அவ்வளவுதான். அவர் பியானோ கற்றதைப் பற்றி ஒரு கதை உண்டு. அக்காலத்து வீடுகளில் துளையிட்ட காகிதச் சுருளால் இயங்கும் தானியங்கிப் பியானோக்கள் இருந்தன. சுருள் நகர நகரக் கட்டைகள் தாமாகவே அழுந்தி எழும். சிறுவன் டேட்டம் அழுந்தும் கட்டைகளின் மேல் விரல்களை வைத்து, அவை போகும் வழியிலேயே போய்ப் பாடல்களைக் கற்றான் என்பார்கள். அவற்றில் சில சுருள்கள் இருவர் சேர்ந்து வாசித்தவை. அது தெரியாமல் ஒருவர் வாசித்ததாகவே எண்ணி, அத்தனையையும் தன் இரண்டு கைகளால் வாசிக்கப் பழகிவிட்டானாம். கதை சற்று அளவுக்கு மீறி அழகாக இருப்பதால் நம்பத் தயக்கமாக இருக்கிறது. ஆனால் அவருடைய பதிவைக் கேட்கும் எவருக்கும் அதை நம்பாமல் இருப்பதும் கடினம்.

கனடாவில் பள்ளிச் சிறுவனாக இருந்த ஆஸ்கர் பீட்டர்சனுக்கு அவருடைய தந்தை 'டைகர் ராக்' இசைத்தட்டைப் போட்டுக் காட்டியபோது, இருவர் வாசிக்கிறார்கள் என்றே அவரும் நினைத்தார். ஒருவர்தான் என்று தெரிந்ததும் வாரக்கணக்கில் பியானோவைத் தொடவில்லை என்று அவரே பின்னாளில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அந்த 'டைகர் ராக்' 1933 மார்ச்சில் நியூயார்க்கில் பதிவானது. இரண்டு நிமிடங்களைச் சற்றே தாண்டும். அன்று டேட்டத்துக்கு வயது இருபத்து மூன்று. அதே நாளில் 'டீ ஃபார் டூ', 'செயின்ட் லூயிஸ் புளூஸ்', 'சொஃபிஸ்டிகேட்டட் லேடி' என்று மேலும் மூன்று. தனி வாசிப்பாக அவர் வெளியிட்ட முதல் தட்டுகள் இவை.

பதினாறு ஆண்டுகள் கழித்து, 1949-இல், லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் ஷ்ரைன் அரங்கில் நடந்த ஒரு கச்சேரியில் டேட்டம் தனியாக வாசித்தார். ஆறாயிரம் பேருக்கு மேல் அமரக்கூடிய பெரிய அரங்கு அது. ஜீன் நார்மன் என்பவர் 'ஜஸ்ட் ஜாஸ்' என்ற பெயரில் நடத்திவந்த கச்சேரி வரிசையைச் சேர்ந்தது. இந்தக் கச்சேரிப் பதிவில் ஒன்பதையும் 1933-இன் நான்கையும் சேர்த்து 1968-இல் கொலம்பியா நிறுவனம் 'பியானோ ஸ்டார்ட்ஸ் ஹியர்' என்ற எல்.பி.யாக வெளியிட்டது. டேட்டம் அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்பே, 1956-இல், சிறுநீரகக் கோளாறால் இறந்துவிட்டிருந்தார். நாற்பத்தேழு வயதுதான்.

எனக்கு அந்த எல்.பி.யின் கசெட் பிரதி ஒன்று கிடைத்தது. யாரோ யாருக்கோ பதிந்து கொடுத்து, அவர் இன்னொருவருக்குப் பதிந்து கொடுத்து என்று மூன்றாம் தலைமுறைப் பிரதி. தட்டின் கீறலுக்கு மேல் கசெட்டின் இரைச்சல். டேட்டம் ஏதோ மழைக்கு அப்பாலிருந்து வாசித்துக்கொண்டிருந்தார். முதல் சில நாட்கள் மழை மட்டும்தான் கேட்டது. பிறகு காது தானாகவே மழையை விலக்கிக்கொள்ளப் பழகியது. 'வில்லோ வீப் ஃபார் மீ'யில் வலக்கை மேலிருந்து கீழே சரிந்து இறங்கும் இடம் ஒன்று உண்டு. மணிமாலை அறுந்து படிக்கட்டில் கொட்டுவதுபோல் இருக்கும். ஆனால் கடைசி மணி சரியாகத் தாளத்தின் மேல் வந்து விழும். அந்த இடத்தை நான் மழையோடு சேர்த்துத்தான் மனப்பாடம் செய்திருக்கிறேன்.

அமெரிக்காவின் வட கரோலைனாவில் ஸென்ஃப் ஸ்டூடியோஸ் என்ற நிறுவனத்தை ஜான் வாக்கர் என்ற கணினி வல்லுநர் நிறுவினார். பழைய பதிவுகளைச் சுத்தம் செய்கிறவர்கள் எல்லா இடங்களிலும் இருக்கிறார்கள். கீறலை அழிப்பார்கள், இரைச்சலை மட்டுப்படுத்துவார்கள், கூடவே இசையிலும் கொஞ்சம் அழியும். ஸென்ஃப் செய்தது அதுவன்று. அவர்கள் ஒலியையே தூக்கி எறிந்துவிட்டார்கள்.

இது எப்படி முடியும் என்பதை விளங்கிக்கொள்ள பியானோ என்ற கருவியின் விசித்திரம் ஒன்றை அறிய வேண்டும். வயலினில் வில் தந்தியின் மேல் இருக்கும் வரை கலைஞர் ஒலியோடு தொடர்பில் இருக்கிறார். குழலில் மூச்சு இருக்கும் வரை. பியானோவில் அப்படியில்லை. விரல் கட்டையை அழுத்துகிறது, கட்டை சில நெம்புகோல்கள் வழியாகச் சுத்தியலை எறிகிறது. சுத்தியல் தந்தியைத் தொடுவதற்குச் சற்று முன்பே விரலின் பிடியிலிருந்து விடுபட்டுவிடுகிறது. எறிந்த கல்லைப் போல. கை விட்ட பிறகு கல்லிடம் கெஞ்சிப் பயனில்லை. ஆகவே ஒரு சுரத்தைப் பற்றி அறியவேண்டியவை மிகச் சிலவே: எந்தக் கட்டை, எந்தக் கணம், சுத்தியலின் வேகம் எவ்வளவு, கட்டையை எப்போது விட்டார், அப்போது பெடல் எந்த நிலையில் இருந்தது. (பியானோ கலைஞர்கள் பலர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். தொடுகையில் இதற்கு மேல் ஏதோ இருக்கிறது என்பார்கள். அவர்கள் பக்கம் நிற்கவே எனக்கும் ஆசை. இயற்பியல் பெரும்பாலும் அவர்கள் பக்கம் நிற்பதில்லை.)

இந்தச் சில விவரங்களைப் பழைய பதிவிலிருந்து கறந்து எடுத்துவிட்டால் போதும். கணினி நிரல் பதிவை ஆராய்ந்து ஒவ்வொரு சுரத்துக்கும் இந்த எண்களைக் கணிக்கும். மனிதக் காது அதைச் சரிபார்க்கும். முடிவில் கிடைக்கும் எண்வரிசையை யமஹா நிறுவனத்தின் டிஸ்க்ளேவியர் ப்ரோ என்ற பெரிய பியானோவுக்குக் கொடுப்பார்கள். சாதாரண மிடி முறையில் ஓர் அடியின் வலிமையைக் குறிக்க 127 படிகள்தாம் உண்டு. இந்தக் கருவியில் 1024. பெடலுக்கு 256. கட்டைகள் தாமாக அழுந்தும், சுத்தியல்கள் எழும். எதிரே நல்ல ஒலிவாங்கிகளை வைத்துப் புதிதாகப் பதிவு செய்துகொள்ளலாம். அதாவது இறந்தவரின் குரலை எடுத்துவைப்பதில்லை. அவர் செய்த செயலை மட்டும் எடுத்து, அதை மீண்டும் ஒரு முறை செய்யவைப்பது. அவர்கள் இதற்கு 'மறுவாசிப்பு' என்ற பொருள்படும் பெயர் ஒன்றைச் சூட்டியிருந்தார்கள்.

இந்த வேறுபாடு முக்கியமானது. 2023-இல் பீட்டில்ஸ் குழுவின் 'நவ் அண்ட் தென்' வெளிவந்ததைப் பலர் அறிந்திருப்பீர்கள். ஜான் லெனன் வீட்டில் கசெட்டில் பதிந்து வைத்திருந்த பாட்டில் குரலும் பியானோவும் பிரிக்க முடியாமல் கலந்து கிடந்தன. இயந்திரக் கற்றல் முறையால் குரலைத் தனியே பிரித்தார்கள். அங்கே நமக்குக் கிடைப்பது லெனனின் தொண்டையிலிருந்து வந்த அதே காற்று. டேட்டத்தின் விஷயத்தில் 1949-இன் காற்று ஒரு துளிகூட மிஞ்சவில்லை. குரலை இப்படிச் செய்யவே முடியாது. பியானோவுக்குச் செய்ய முடிகிறது என்றால், பியானோ கலைஞனுக்கும் ஒலிக்கும் நடுவே எப்போதுமே ஓர் இயந்திரம் இருந்துவந்திருக்கிறது என்பதுதான் காரணம்.

ஸென்ஃப் முதலில் எடுத்துக்கொண்டது க்ளென் கூல்டின் 1955-ஆம் ஆண்டு கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ். 2006-இல் டொரான்டோவில் மறுபதிவு செய்து 2007-இல் வெளியிட்டார்கள். கூல்ட் வாசிக்கும்போது கூடவே முனகிக்கொண்டிருப்பவர் என்பது ஊரறிந்தது. மறுபதிவில் அந்த முனகல் இல்லை. இயந்திரத்துக்கு வாயில்லை. அடுத்து டேட்டம். 2007 செப்டம்பரில் அதே ஷ்ரைன் அரங்குக்குப் பியானோவைக் கொண்டுபோய், ஆட்களை அழைத்து அமரவைத்து, 'பியானோ ஸ்டார்ட்ஸ் ஹியர்' தட்டின் பதின்மூன்று பாட்டுகளையும் வாசிக்க வைத்தார்கள். மேடையில் பியானோ இருக்கிறது, முன்னால் ஆளில்லை. 2008-இல் அது குறுந்தகடாக வந்தது.

நான் ஏளனம் செய்தது இந்த இடத்தைத்தான். 1949 கச்சேரியை அதே அரங்கில் திரும்ப நிகழ்த்தியதையாவது புரிந்துகொள்ளலாம். 1933-இல் நியூயார்க்கில், ஒரு ஸ்டூடியோவுக்குள், கேட்க எவருமில்லாமல் இருபத்து மூன்று வயது இளைஞர் வாசித்த நான்கு பாட்டுகளையும் அல்லவா அந்த மேடையில் ஏற்றினார்கள்? அவர் அப்போது அந்த அரங்கின் எதிரொலியைக் கேட்டிருக்கவில்லை. பெரிய அரங்கில் வாசிக்கும் கலைஞன் ஒலி போய்த் திரும்பும் நேரத்தைக் கணக்கிட்டுப் பெடலை முன்னதாகவோ பின்னதாகவோ விடுவான். கட்டை கனமாக இருந்தால் அழுத்தத்தைக் கூட்டுவான், ஒரு சுரம் அபசுரமாக இருந்தால் அதைச் சுற்றிக்கொண்டு போவான். டேட்டம் மட்டமான பியானோக்களுக்குப் பேர்போனவர். 1940-41 வாக்கில் ஜெர்ரி நியூமன் என்ற கல்லூரி மாணவர் தட்டில் பதிவு செய்யும் கருவியைத் தூக்கிக்கொண்டு ஹார்லெமின் நள்ளிரவு விடுதிகளுக்குப் போய் அவர் வாசித்ததைப் பதிந்திருக்கிறார். 1973-இல் வெளியான அந்தப் பதிவுகளில் சில பியானோக்களின் சுருதி இருக்கும் நிலையைக் கேட்டால் அழுகை வரும். டேட்டம் அழவில்லை, அந்தப் பியானோவுக்கு என்ன வருமோ அதை வாசித்தார். எதிரே இருக்கும் கருவிக்கு மறுமொழி சொல்வதுதான் வாசிப்பு என்றால், அந்த மறுமொழிகளைப் பொறுக்கியெடுத்து இன்னொரு கருவிக்குச் சொல்லவைப்பதற்கு என்ன பெயர்? ஒருவருக்கு எழுதிய கடிதத்தை மற்றொருவர் முகவரியில் சேர்ப்பது போன்றது என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போதும் இந்த வாதத்தில் பெரிய ஓட்டை இருப்பதாகத் தெரியவில்லை.

இன்னொரு வாதமும் உண்டு. அதை அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். ஜாஸ் என்பது அந்தந்த நேரத்தில் பிறப்பது, நாளை அதே பாட்டு வேறாக இருக்கும். இயந்திரம் 1949-இன் ஓர் இரவை ஆயிரம் முறை மாறாமல் வாசிக்கும், டேட்டம் அப்படிச் செய்திருக்கவே மாட்டார் என்பது அந்த வாதம். ஆனால் டேட்டத்தைப் பொறுத்தவரை விஷயம் சிக்கலானது. 'டீ ஃபார் டூ'வையோ த்வோர்ஷாக்கின் 'ஹ்யூமரெஸ்க்'கையோ வெவ்வேறு ஆண்டுகளில் அவர் வாசித்த பதிவுகளை அடுத்தடுத்துக் கேட்டால் கட்டுமானம் பெரிதாக மாறியிருக்காது. 1955-இல் ஆந்த்ரே ஒதேர் என்ற பிரெஞ்சு விமரிசகர் இதையெல்லாம் சேர்த்து டேட்டத்தைக் கடுமையாகத் தாக்கி எழுதினார். பாட்டின் மெட்டை விட்டு விலகாமல் அலங்காரம் மட்டுமே செய்கிறார் என்பது குற்றச்சாட்டு. பியானோ கலைஞர் பில்லி டெய்லர் பதில் எழுதினார். நான் டெய்லர் பக்கம். மெட்டு அங்கேயே நிற்பதால்தான் அதன் அடியில் டேட்டம் இசைவுகளை எத்தனை முறை மாற்றிப் போடுகிறார் என்பது காதுக்குத் தெரிகிறது. தூணைச் சுற்றித்தானே கொடி ஏறும். ஆனால் அந்த மாற்றங்கள் நிகழும் இடம் எது? பெரும்பாலும் இடக்கை.

இங்கேதான் என் காதின் கதை மறுபடி வந்து சேர்கிறது.

ஸென்ஃப் குறுந்தகட்டில் எல்லாப் பாட்டுகளும் இரண்டு முறை இருக்கின்றன. ஒன்று, அரங்கில் அமர்ந்து கேட்பதுபோல். மற்றொன்று பைனாரல் பதிவு. பியானோ கலைஞரின் தலை இருக்கும் இடத்தில், இரண்டு காதுகளின் நிலையில் ஒலிவாங்கிகளை வைத்துப் பதிவு செய்வது. ஹெட்ஃபோனில் கேட்டால் நீங்கள் டேட்டத்தின் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறீர்கள். கனத்த சுரங்கள் இடப்பக்கத்திலும் மெல்லிய உச்சச் சுரங்கள் வலப்பக்கத்திலும் விரியும். வாழ்நாளின் பெரும்பகுதியைக் காதாலேயே கடந்த ஒரு மனிதர் எதைக் கேட்டாரோ, ஏறத்தாழ அதைக் கேட்கலாம். கொள்கையளவில் எவ்வளவு ஏளனம் செய்தாலும் இந்த ஆசையை நான் கடக்க முடியாமல் இருந்தேன். காது நன்றாக இருந்த நாளில் பிடிவாதத்தால் கேட்காமல் விட்டுவிட்டேன். பழுதான பிறகு, ஒரு நண்பர் ஆறுதல்போல அந்தக் குறுந்தகட்டைக் கொண்டுவந்து கொடுத்தார்.

'டீ ஃபார் டூ'வை ஓடவிட்டேன். வலக்காதில் நான் பல ஆண்டுகளாக மழைக்கு அப்பால் கேட்டுக்கொண்டிருந்த வலக்கை, பக்கத்தில் வந்து நின்றது. ஒவ்வொரு மணியும் தனித்தனியாக. கசெட்டில் ஒரே சறுக்கலாகக் கேட்ட இடங்களில் உள்ளே சிறு சிறு அழுத்தங்கள் இருந்தன. அவர் வேகத்தில் ஓடிக்கொண்டே சில சுரங்களுக்கு மட்டும் தலையசைத்துவிட்டுப் போகிறார். இதுவரை எனக்குத் தெரியாது. இயந்திரம்தான் வாசிக்கிறது என்பதை முழுவதும் மறந்திருந்தேன் என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இடப்பக்கம் ஒரு சுவர். கீழ்ச் சுரங்களின் முழக்கம் மட்டும் சுவருக்கு அப்பால் யாரோ மரச்சாமான் நகர்த்துவதுபோல் கேட்டது. தாழ்ந்த அலைகள் தலையைச் சுற்றி வந்து மறுகாதை எட்டிவிடும், அதனால் ஒன்றுமே கேட்காமல் போகவில்லை. ஆனால் சுத்தியல் தந்தியில் விழும் அந்தக் கூர்மை, இந்தச் சுரமா அடுத்த சுரமா என்று காட்டும் விளிம்பு, அது உயர்ந்த அலைகளில் இருக்கிறது. தலை அதை மறைத்துவிடுகிறது. ஸ்ட்ரைட் என்ற வாசிப்பு முறையில் இடக்கை கீழே ஒரு தனிச் சுரத்தை அடித்துவிட்டு, நடுப்பகுதிக்குத் தாவி ஓர் இசைவை அடித்து, மறுபடி கீழே தாவும். டேட்டம் அந்தத் தாவலின் நடுவே பத்துக் கட்டை அகலத்துக்கு விரலை விரித்து இன்னும் பல வழிகளைத் திறந்துகொண்டே போவார். எனக்குத் தாவல் தெரிந்தது. எங்கே போய் இறங்கினார் என்பது தெரியவில்லை.

ஹெட்ஃபோனைக் கழற்றி இடம்வலம் மாற்றி மாட்டிக்கொண்டேன். இப்போது இடக்கை வந்தது. என்ன ஒரு இடக்கை! நான் அலங்காரம் என்று நினைத்துக்கொண்டிருந்த வலக்கை ஓட்டங்கள் பலவும் இடக்கை கேட்ட கேள்விகளுக்குப் பதில்கள் என்று தோன்றியது. ஆனால் பதில்கள் இப்போது சுவருக்கு அப்பால் போய்விட்டன. மறுபடி மாற்றினேன். மறுபடி. ஒரே பாட்டை இரண்டு பாதிகளாக ஏழெட்டு முறை கேட்டிருப்பேன். ஒருவர் வாசித்ததை இருவர் வாசிப்பதாக எண்ணிய பீட்டர்சனின் நினைவு வந்தது. எனக்கு அந்த இருவரில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் கிடைத்தார்.

அறைக்குள் வந்த மனைவி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "என்னங்க, அதை எத்தனை தடவை கழட்டி மாட்டுவீங்க?" என்றாள். "பாதி பாதியாக் கேக்குறேன்" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

அன்று இரவு பழைய பதிவைத் தேடி எடுத்தேன். கசெட் எப்போதோ சிக்கி அறுந்துபோயிற்று, அதே பதிவுகளின் பிற்காலக் குறுந்தகடு ஒன்று இருந்தது. 1933-உம் 1949-உம் மோனோ. ஒலி ஒரே ஒரு தடத்தில். இரண்டு காதுகளுக்கும் ஒன்றேதான் போகும், ஆகவே ஒரு காது போதும். கீறலோடும் இரைச்சலோடும் டேட்டம் இரண்டு கைகளோடு வந்தார். வெளியே மழை, உள்ளே என் காதின் சொந்த மழை, இரண்டும் கலந்து எது எது என்று பிரிக்க முடியாமல் போயிற்று. இரைச்சல் இருந்த பதிவில் என் நோய் தெரியவில்லை என்பதை அப்போது கவனித்தேன். சுத்தமான பதிவின் மௌனங்களில்தான் என் காது இரையும். டேட்டம் ஒரு சொற்றொடரை முடித்து அடுத்ததைத் தொடங்கும் முன் ஷ்ரைன் அரங்கு அவ்வளவு நிசப்தமாக இருக்கும்போது, அந்த நிசப்தத்தில் நான் என்னைத்தான் கேட்டேன்.

சுத்தமான பதிவையும் ஒற்றைத் தடமாக்கிக் கேட்கலாமே என்று ஒருவர் கேட்பார். கேட்டேன். பெரிய வேலையில்லை, ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். இரண்டு கைகளும் தெளிவாக வந்தன. அந்த நாற்காலி போய்விட்டது. பியானோ அறையின் மூலைக்கு நகர்ந்துகொண்டது. இதற்காகவா ஸென்ஃப்காரர்கள் அத்தனை பாடுபட்டார்கள் என்று சிரிப்பு வந்தது. ஆனாலும் மழையில்லாத டேட்டத்தை முழுவதுமாகக் கேட்டது அப்போதுதான். என் பழைய வாதங்களை ஒவ்வொன்றாக அதன் முன் நிறுத்திப் பார்த்தேன். கடிதம், முகவரி எல்லாம். வாதங்கள் அப்படியே நின்றன. நான் மட்டும் அவற்றுக்குப் பக்கத்தில் இல்லை.

ஒன்று சொல்ல வேண்டும். மறுபதிவில் எனக்குப் பொருந்தாத இடங்களும் உண்டு. 1933-இன் 'டைகர் ராக்' அவற்றில் ஒன்று. அந்தச் சிறிய ஸ்டூடியோவின் வறண்ட ஒலியில் இளைஞர் ஒருவர் தன் திறமை முழுவதையும் ஒரே தட்டில் கொட்டிவிடத் துடிப்பது கேட்கும். பெரிய அரங்கின் எதிரொலியில் அந்தத் துடிப்பு ஒரு வித்தையாகிவிடுகிறது. மாறாக 'சம்ஒன் டு வாட்ச் ஓவர் மீ' போன்ற மெதுவான பாட்டுகளுக்கு அரங்கு நன்மையே செய்திருக்கிறது. பெடலை அவர் எவ்வளவு தாமதமாக விடுகிறார், பழைய இசைவின் நிழல் புதியதன் மேல் எவ்வளவு நேரம் கிடக்கிறது என்பதெல்லாம் பழைய பதிவில் தேடினாலும் கிடைக்காது.

சென்ற மாதம் நான் வசிக்கும் நகரத்தில் ஒரு பியானோ விற்பனைக் கூடத்துக்குப் போனேன். ஸ்டைன்வே நிறுவனம் 2015-இல் கொண்டுவந்த ஸ்பிரியோ என்ற தானியங்கிப் பியானோ அங்கே இருப்பதாகவும், அதன் இசைத் தொகுப்பில் டேட்டமும் இருப்பதாகவும் அறிந்திருந்தேன். அதை வாங்குமளவுக்கு என்னிடம் பணமில்லை, வாங்கினாலும் வைக்க இடமில்லை. இரண்டையும் விற்பனையாளர் முதல் பார்வையிலேயே கண்டுகொண்டிருப்பார். ஆனால் கூடத்தில் வேறு ஆளில்லாத மதியவேளை. கையில் வைத்திருந்த ஐபேடில் டேட்டத்தைத் தேடி எடுத்தார். மெதுவான பாட்டாக வேண்டும் என்றேன்.

கட்டைகள் அழுந்தத் தொடங்கின. நான் வலக்காதைக் கருவியின் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்துக்குப் பிறகு, கட்டைகளின் மேல் விரல் வைத்துப் பார்க்கலாமா, அழுத்த மாட்டேன், தொட மட்டும் செய்வேன் என்று கேட்டேன். அவர் யோசித்துவிட்டு நாற்காலியைச் சற்றுப் பின்னால் இழுத்து எனக்காகச் சரிசெய்தார். உட்கார்ந்து இடக்கையை மட்டும் கீழ்ப்பகுதியில் வைத்தேன். சுண்டுவிரலுக்கு அடியில் ஒரு கட்டை சட்டென்று இறங்கியது. அதைப் பின்தொடர்ந்து விரல் இறங்குவதற்குள் அது எழுந்துவிட்டது. அடுத்தது எங்கே என்று கை தாவியது. போய்ச் சேர்ந்தபோது அந்தக் கட்டையும் இறங்கி முடிந்திருந்தது. ஓர் இடத்தில், அகலமான ஓர் இசைவில், என் கட்டைவிரலும் சுண்டுவிரலும் தற்செயலாகச் சரியான இடத்தில் இருந்தன. இரண்டும் சேர்ந்து கீழே போயின, அங்கேயே சிறிது நேரம் நின்றன, ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன.

பாட்டு முடிந்ததும் விற்பனையாளர், நீங்கள் வாசிப்பீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் அடுத்த பாட்டைப் போட்டார்.